கமிட்டி அறையின் கதவு நமக்கும் திறந்துதான் இருக்கிறது
(தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வொர்த்தில் ஒரு தமிழ்க் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, அக்காமார்களே, தம்பி தங்கைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

பாராளுமன்றம் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? டிவியில் பார்க்கும் கூச்சல்தான். 400 உறுப்பினர்கள் கொண்ட சபை, சபாநாயகர் உட்காருங்கள் உட்காருங்கள் என்று கெஞ்சுகிறார், யாரையோ வெளியே கொண்டுபோகிறார்கள், நாமும் அலுத்துப்போய் சேனலை மாற்றிவிடுகிறோம். ஆனால் ஒரு மசோதா அந்தச் சபைக்கு வாக்கெடுப்புக்கு வந்து சேரும்போது பெரும்பாலும் அதன் தலையெழுத்து எழுதி முடிந்திருக்கும். எழுதுகிற இடம் கமிட்டி அறை.

சுகாதாரம், கல்வி, போலீஸ் என்று ஒவ்வொரு துறைக்கும் உறுப்பினர்கள் சிலர் சேர்ந்த ஒரு கமிட்டி உண்டு. மந்திரி கொண்டுவரும் மசோதா முதலில் அங்கே போகும். கமிட்டி அறிவிப்புக் கொடுத்து மக்களின் கருத்தை எழுத்தில் கேட்கும், சிலரை நேரில் கூப்பிட்டும் கேட்கும். அப்புறம்தான் உண்மையான வேலை: ஒவ்வொரு பிரிவாக எடுத்து வைத்துக்கொண்டு, துறை அதிகாரிகள் ஒரு பக்கம், பாராளுமன்றத்தின் சட்ட ஆலோசகர்கள் ஒரு பக்கம், ‘செய்யலாம்’ என்று இருப்பதைச் ‘செய்ய வேண்டும்’ என்று மாற்றலாமா என்று வாதாடுவார்கள். பார்க்க அலுப்பாகத்தான் இருக்கும். இருந்தாலும் உங்கள் பென்ஷனும் பேரப்பிள்ளையின் பள்ளிக்கூட இடமும் அந்த ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருக்கலாம், அதனால் சொல்கிறேன், பாருங்கள். பல கூட்டங்கள் யூடியூபிலேயே நேரலையாக வருகின்றன.

இங்கே இருக்கும் மூத்தவர்களுக்கு 1984 மறந்திருக்காது. நிறவெறி ஆட்சி அமைத்த பாராளுமன்றத்தில் வெள்ளையர்களுக்கு ஒரு சபை, கலப்பினத்தவருக்கு ஒன்று, இந்தியர்களுக்கு 45 பேர் கொண்ட ஒன்று, கறுப்பின மக்களுக்கு எதுவுமே இல்லை. நம் மக்களில் பெரும்பாலோர் அந்தத் தேர்தலில் வாக்குச்சாவடிப் பக்கமே போகவில்லை, அது சரியான முடிவு. அன்றைக்குப் புறக்கணித்ததற்குக் காரணம் இருந்தது. இன்றைக்கு ஒதுங்கி நிற்க என்ன காரணம் என்பதுதான் எனக்குப் புரியவில்லை, ஏனென்றால் அரசியலமைப்பின் 59-ஆம் பிரிவு, மக்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், கமிட்டிக் கூட்டங்களைத் திறந்த கதவோடு நடத்த வேண்டும் என்று அந்த 400 பேர் கொண்ட தேசிய சபைக்கே கட்டளை போடுகிறது.

இது வெறும் காகிதப் பேச்சு என்று நினைப்பவர்களுக்கு மட்டட்டியேல ஊரின் கதையைச் சொல்கிறேன். நம் குவாசுலு-நாட்டாலில் இருந்த ஊர். அதைக் கிழக்குக் கேப் மாகாணத்தோடு சேர்க்க அரசியலமைப்பையே திருத்தினார்கள். நம் மாகாண சட்டசபையும் ஒப்புதல் கொடுத்தது, ஆனால் அந்த ஊர் மக்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. வழக்குப் போனது. 2006-ல் அரசியலமைப்பு நீதிமன்றம், மக்களைக் கேட்காமல் கொடுத்த ஒப்புதல் செல்லாது என்று அந்தத் திருத்தத்தின் அந்தப் பகுதியையே தள்ளிவிட்டது. பாராளுமன்றம் மறுபடி முறைப்படி சட்டம் கொண்டுவந்தது, ஊர் இன்றைக்குக் கிழக்குக் கேப்பில்தான் இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆனால் இரண்டாவது தடவை அவர்களைக் கேட்காமல் தாண்டிப்போக யாராலும் முடியவில்லை.

கமிட்டிகள் எல்லாம் ஒழுங்காக வேலை செய்கின்றன என்று நான் சொல்ல மாட்டேன். யாரையும் சாட்சி சொல்லவோ ஆவணம் கொண்டுவரவோ சம்மன் அனுப்பும் அதிகாரம் அவற்றுக்கு உண்டு, இருந்தும் அரசுப் பணம் கொள்ளைபோன காலத்தில் அந்த அதிகாரத்தை வேண்டிய நேரத்தில் எடுக்கவில்லை. அந்தக் கொள்ளையை விசாரித்த நீதிபதி சோண்டோவின் குழுவும் பாராளுமன்றத்தின் மேற்பார்வை தவறியதை அறிக்கையில் கண்டித்திருக்கிறது. எனக்கு இன்னும் ஆறாத கோபம் அது.

சரி, நம் விஷயத்துக்கு வருகிறேன். அரசியலமைப்பின் 6-ஆம் பிரிவில் தமிழ் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. தெலுங்கு, இந்தி, குஜராத்தி, உருது இவற்றோடு தமிழுக்கும் மதிப்புக் கிடைக்கும்படி பார்த்துக்கொள்வது அரசியலமைப்பே உண்டாக்கிய தென்னாப்பிரிக்க மொழி வாரியத்தின் கடமை. அந்த வாரியத்தைக் கூப்பிட்டுக் கணக்குக் கேட்பது விளையாட்டு, கலை, பண்பாட்டுக் கமிட்டி. தமிழுக்கு இந்த வருடம் என்ன செய்தீர்கள், எவ்வளவு செலவழித்தீர்கள் என்று அந்தக் கமிட்டி கேட்க வேண்டுமென்றால், முதலில் நாம் கமிட்டிக்கு எழுத வேண்டும். பிள்ளைகள் தமிழ் படிக்கவில்லை என்று கல்யாண வீட்டில் உட்கார்ந்து வருத்தப்படுகிறோமே, அந்த வருத்தத்தை ஒரு தடவை பாராளுமன்றம் இருக்கும் கேப்டவுனுக்கு அனுப்பிப் பார்ப்போம்.

வக்கீல் வேண்டாம். யார் நீங்கள், எந்த ஊர், என்ன கேட்கிறீர்கள், ஒரு பக்கம் போதும். மசோதாவைப் பற்றி என்றால் அதன் எண்ணையும் பிரிவின் எண்ணையும் போட்டு, அந்த வரி எப்படி மாற வேண்டும் என்று நீங்களே எழுதிக் காட்டுங்கள், வெறும் “எதிர்க்கிறோம்” என்பதைவிட அதற்குப் பலம் அதிகம். நேரில் பேச விரும்புகிறேன் என்பதையும் மறக்காமல் சேருங்கள். கமிட்டிச் செயலாளரின் பெயரும் மின்னஞ்சலும் பாராளுமன்ற இணையதளத்திலேயே இருக்கின்றன. மொழி வாரியம் பற்றிய கடிதத்தின் முதல் வரைவு கையோடு கொண்டுவந்திருக்கிறேன், டீ குடித்துவிட்டு வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து திருத்துவோம்.