பெல்லினின் படத்தில் இல்லாத ஊர்கள்

(நாகப்பட்டினத்தில் ஒரு நூலக ஆண்டு விழாவில் பேசியது)

விழாவுக்குத் தலைமை தாங்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, ஆயிரம் வேலைகளுக்கு நடுவே வந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, நூலகர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மீனவ கிராமப் பஞ்சாயத்தார்களே, எனக்கு முன்பு பேசி என் நேரத்தில் பாதியைத் தன்னுடையதாக்கிக்கொண்ட புலவர் ஐயா அவர்களே, எல்லோருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் கோபிக்க வேண்டாம். பொன்னாடை எல்லோருக்கும் உண்டு என்று நூலகர் சொல்லியிருக்கிறார்.

மூன்று செய்திகள் சொல்லப் போகிறேன். ஒன்று, என் கையிலிருக்கும் இந்தக் கடற்கரை வரைபடம். இரண்டு, இதை வெளியிட்டவர். மூன்று, செப்புத் தகட்டில் செதுக்கி இதை அச்சடித்த விதம்.

படம் 1764-இல் பாரிஸில் வெளிவந்தது. இது அதன் நகல்தான். அசலை வாங்க எனக்கு வசதியில்லை. நம் சோழமண்டலக் கரை ஐரோப்பியர் நாக்கில் கோரமண்டல் ஆகி, ஐந்து தொகுதிகளும் சுமார் 580 படங்களும் கொண்ட ஒரு கடல் அட்லஸில் இடம்பெற்றது. அதில் ஒரு வேடிக்கை. 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பிரெஞ்சுக்காரர் கைக்கு அது திரும்பியது 1765-இல். அதாவது பாரிஸில் அட்லஸ் சுடச்சுட அச்சான வருஷம், இங்கே புதுச்சேரி செங்கல் குவியல்!

வெளியிட்டவர் ழாக் நிக்கோலா பெல்லின். 1703-இல் பிறந்தவர். பிரெஞ்சுக் கடற்படைக்கென்று வரைபடக் காப்பகம் தொடங்கிய மறுவருஷமே, 1721-இல், பதினெட்டு வயதுப் பையனாக அங்கே வேலைக்குச் சேர்ந்தார். 1772-இல் இறக்கும்வரை வேறு தொழில் பார்க்கவில்லை. கப்பல் தலைவர்கள் கொண்டுவந்து போட்ட குறிப்பேடுகளை ஒப்பிட்டு, மேசையில் உட்கார்ந்தபடி உலகத்துக் கரைகளையெல்லாம் வரைந்த மனிதர்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று என் பாட்டி ஓயாமல் சொல்வார். பெல்லினும் ஒருமுறை விட்டார். 1744-இல் வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியை வரைந்தபோது, யாரோ சொன்னதை நம்பி, இல்லாத தீவுகளைப் போட்டுவிட்டார். அந்தத் தீவுகளில் ஒன்று படத்துக்குப் படம் தாவி, 1783-இல் இங்கிலாந்தும் அமெரிக்காவும் செய்துகொண்ட எல்லை ஒப்பந்தத்திலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது. இல்லாத தீவை வைத்து எல்லை பிரித்தார்கள், ஐயா!

சரி, இருக்கிற ஊர்களுக்கு வருகிறேன். இந்தப் படத்தை ஒருநாள் கடற்கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் காட்டினேன். எண்பது வயதிருக்கும். கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். வாங்கியதும் படத்தைத் திருப்பினார். மேற்கு மேலே, கிழக்கு அவர் மடியில். “ஐயா, தலைகீழா பிடிக்கிறீங்க” என்றேன். “நீதான் தம்பி தப்பா பிடிச்சே. கடல்லேருந்து வர்றவனுக்குக் கரை எதிர்லதானே இருக்கும்?” என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை.

அப்புறம் விரலை வைத்துக் கரையோரமாக நகர்த்தினார். காரைக்கால் என்று நான் படித்தேன், தலையாட்டினார். நாகப்பட்டினம் என்றேன். விரல் நின்றது. “நடுவுல எங்க ஊரு எங்கே?” இல்லை என்றேன். “பக்கத்துக் குப்பம்?” அதுவும் இல்லை. “கோட்டை இருந்தாத்தான் எழுதுவானோ?” என்று கேட்டுவிட்டு டீ வாங்கித் தரச் சொன்னார். வாங்கித் தந்தேன். டீ குடித்துக்கொண்டே, தன் அப்பா கணியம் பார்த்த, அதாவது கரை அடையாளங்களை வைத்துக் கடலில் இடம் கண்டுபிடித்த கதையைச் சொன்னார்: நாகூர் பெரிய மினாரும் கரையில் ஒரு பனங்கூட்டமும் ஒரே கோட்டில் வந்தால் கீழே பார், அதாவது கடலடிப் பாறைத் திட்டு, இருக்கிறதாம், அங்கே வலை விடலாமாம். எத்தனை பாகம் ஆழம் என்பதும் வாயிலேயே இருந்தது. பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த அளவு. பெல்லின் காலத்துப் பிரெஞ்சு மாலுமிகள் ஆழத்தை அளந்த ‘பிராஸ்’ என்பதும் அதே விரித்த கைதான்.

அந்தப் பனங்கூட்டம் இப்போது இல்லை. பாரின் பெயரை மூன்று முறை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன். அதற்குள் படகுத் துறையிலிருந்து ஆள் வந்து அவரைக் கூட்டிப்போய்விட்டார்கள். அடுத்த மாதம் போனபோது அவர் இல்லை.

நான் எங்கே போனாலும் இதையேதான் பேசுகிறேன் என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். பேசுவேன். நம் கடலுக்குள் இருக்கும் பார்களின் பெயர், காற்றின் பெயர், வன்னி, தெண்டி என்ற நீரோட்டங்களின் பெயர் எல்லாம் யார் வாயில் இருக்கின்றனவோ அவர்களுக்கு வயதாகிறது. துறைமுகம், அலையைத் தடுக்கக் கல் கொட்டும் தூண்டில் வளைவு என்று கடலுக்குள் திட்டம் போடுகிறவர்கள் முதலில் இவர்களைக் கேட்கட்டும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது அவர்களுக்கும்தான்.

செப்புத் தகட்டைப் பற்றிப் பேச நேரமில்லை. தலைவர் மணியைத் தொட்டுவிட்டார். வாசலில் மேசைமேல் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பஞ்சாயத்தார் போகும்போது ஆளுக்கு ஒரு பாரின் பெயரும் அதன் கணியமும் எழுதிவிட்டுப் போக வேண்டும். பேனாவைக் கயிற்றில் கட்டியிருக்கிறேன். போன கூட்டத்தில் வைத்த பேனா இன்னும் திரும்பி வரவில்லை.