நடைபாதை எங்கே அறுபடுகிறது? சென்னைத் தெருக்களை நடப்பவர்களுக்கு ஏற்றதாக மாற்றுவது எப்படி

[காட்சி: மாலை நேரம், தியாகராய நகர் பேருந்து நிலையத்திலிருந்து வெளியே வரும் கூட்டம்]

வணக்கம். சென்னையில் பேருந்திலோ மின்சார ரயிலிலோ மெட்ரோவிலோ செல்பவர் யாராக இருந்தாலும், அவருடைய பயணம் நடையில் தொடங்கி நடையில்தான் முடிகிறது. 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமில்லாமல் பயணம் செய்கிறார்கள். பல குடும்பங்களின் மாதச் செலவைக் குறைத்த நல்ல திட்டம் அது. ஆனால் அந்தப் பேருந்தில் ஏறுவதற்கு, வீட்டிலிருந்து நிறுத்தம் வரை உள்ள தூரத்தை அவர்கள் உயிருக்கு ஆபத்தில்லாமல் கடந்தாக வேண்டும். இந்தக் காணொளி அந்தச் சிறு தூரத்தைப் பற்றியது.

இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. அவர்களில் 32,825 பேர், அதாவது ஏறத்தாழ ஐந்தில் ஒருவர், நடந்து சென்றவர்கள். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் "பார்த்து நடந்திருக்க வேண்டும்" என்று நாம் சொல்கிறோம். அந்தச் சாலை எப்படிக் கட்டப்பட்டிருந்தது என்று கேட்பவர்கள் மிகவும் குறைவு.

[காட்சி: இரண்டு கார்கள் அருகருகே வரும் வரைபடம், தூரம் மீட்டரில் குறிக்கப்படுகிறது]

முதலில் வேகத்தைப் பார்ப்போம். ஒரு கார் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்திலும், அதன் பக்கத்திலேயே இன்னொரு கார் 50 கிலோமீட்டர் வேகத்திலும் வருவதாகக் கொள்வோம். சற்றுத் தொலைவில் ஒரு குழந்தை சாலையில் இறங்குகிறது. ஓட்டுநரின் கண் குழந்தையைக் கண்டு, கால் பிரேக்கை மிதிப்பதற்கு ஒன்றரை வினாடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், முதல் கார் அந்த நேரத்தில் 12 மீட்டருக்குச் சற்று மேல் ஓடி, பிரேக் பிடித்தபின் மேலும் 5 மீட்டர் சென்று, ஏறத்தாழ 17 அல்லது 18 மீட்டரில் நின்றுவிடும். இரண்டாவது காரோ, பிரேக்கை மிதிப்பதற்கு முன்பே ஏறத்தாழ 21 மீட்டர் ஓடி முடித்திருக்கும். முதல் கார் முழுவதும் நின்றுவிட்ட அந்த இடத்தை இரண்டாவது கார் வேகம் சிறிதும் குறையாமல் கடந்து செல்கிறது. இரண்டு ஓட்டுநர்களும் ஒரே அளவு கவனமாக இருந்தவர்கள்தான்.

சென்னை போக்குவரத்துக் காவல் துறை 2023 நவம்பரில் வேக வரம்புகளை மாற்றியமைத்தபோது, குடியிருப்புப் பகுதிகளுக்கு 30 கிலோமீட்டர் என்று நிர்ணயித்தது. சரியான முடிவு. இருந்தாலும் பலகையில் எழுதிய எண்ணைவிட, கண்ணுக்குத் தெரியும் சாலையின் வடிவம்தான் ஓட்டுநரின் காலுக்குக் கட்டளையிடுகிறது. நேராகவும் அகலமாகவும் திறந்தும் கிடக்கும் சாலையில், வேகமாகப் போக வேண்டும் என்ற எண்ணமே இல்லாதவர்கூட வேகமாகப் போவார். ஒரு வரிசை வாகனம் செல்லும் தடத்தின் அகலத்தை 3 மீட்டர் அளவுக்குக் குறைப்பதும், தெருமுனையின் வளைவை இறுக்குவதும், பாதசாரிகள் கடக்கும் இடத்தை நடைபாதையின் மட்டத்துக்கு உயர்த்துவதும் வேகத்தைத் தாமாகவே குறைக்கின்றன. தெருமுனை வளைவு பெரிதாக இருந்தால், 'ஃப்ரீ லெஃப்ட்' எடுக்கும், அதாவது சிக்னலுக்குக் காத்திருக்காமல் இடப்பக்கம் திரும்பும் வாகனம் வேகம் குறைக்காமலே திரும்பிவிடுகிறது. அந்த வளைவில் சாலையைக் கடப்பவருக்கு எந்த நேரத்திலும் பச்சை விளக்கு கிடைப்பதில்லை.

[காட்சி: வடிகால் மேல் போடப்பட்ட நடைபாதை, கேமரா தரை மட்டத்தில் நகர்கிறது]

அடுத்து நடைபாதை. சாலைகளுக்கான தர விதிகளை வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் 2012இல் வெளியிட்ட பாதசாரி வசதிகளுக்கான வழிகாட்டி நெறிகள், நடப்பதற்கு மட்டுமான இடம் குறைந்தது 1.8 மீட்டர் அகலமும் 2.2 மீட்டர் உயரமும் தடையின்றி இருக்க வேண்டும் என்றும், நடைபாதையின் ஓரத்தில் பதிக்கும் விளிம்புக் கல்லின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கின்றன. மரம், விளக்குக் கம்பம், மின்வாரியத்தின் பில்லர் பெட்டி, இருக்கை ஆகியவை இந்த 1.8 மீட்டருக்குள் வரக் கூடாது. அவற்றுக்குத் தனியாக ஒரு பட்டை ஒதுக்கப்பட வேண்டும்.

சென்னையில் நாம் பார்ப்பது வேறு. இங்கே பல தெருக்களில் நடைபாதை என்பது மழைநீர் வடிகாலின் மேல்மூடிதான். வடிகாலின் உயரம் எதுவோ அதுவே நடைபாதையின் உயரமாகிவிடுகிறது. சில இடங்களில் முழங்கால் அளவுக்குக்கூட ஏற வேண்டியிருக்கிறது. அந்த உயரத்துக்கு வீட்டு வாசல்களும் கடை வாசல்களும் தத்தம் விருப்பப்படி சாய்தளம் போட்டுக்கொள்ள, நடைபாதை ஒவ்வொரு வாசலிலும் இறங்கி ஏறுகிறது. முட்டிவலி உள்ள ஒரு மூதாட்டி ஒரே தெருவில் எத்தனை வாசல்களைக் கடக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு வாசல் தாண்டுவதற்குள் அவர் சாலையில் இறங்கிவிடுவார். இறங்கியவர் மறுபடியும் ஏறமாட்டார். 200 மீட்டர் நீளத்துக்கு அழகான நடைபாதை போட்டு, நடுவில் ஒரு டிரான்ஸ்பார்மர் அதை முழுவதுமாக அடைத்துக்கொண்டு நிற்குமானால், அது ஒரு கண் இடிந்துபோன பாலத்துக்குச் சமம்.

இதற்கான தீர்வு எளிமையானது; பலர் அறியாததும்கூட. வாசல் வருகிற இடத்தில் நடைபாதை இறங்கக் கூடாது, வாகனம்தான் ஏற வேண்டும். சாய்தளத்தை நடக்கும் பகுதியில் போடாமல், கம்பங்களுக்கும் மரங்களுக்கும் ஒதுக்கிய வெளிப்பட்டையில் போட்டால், நடப்பவரின் மட்டம் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மாறாமல் இருக்கும். வாகனம் அந்த மேட்டில் மெதுவாக ஏறிக் கடப்பதால் வாசலிலும் பாதுகாப்பு கூடுகிறது. இதோடு, பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தார் போடும் 'மில்லிங்' வேலையும் தவறாமல் நடக்க வேண்டும். இல்லையென்றால் சாலை ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்து, மழைநீர் வீட்டுக்குள் புகத் தொடங்கும். அதைத் தடுக்கவே ஒவ்வொரு வீட்டுக்காரரும் வாசலை உயர்த்துவார்.

[காட்சி: பாண்டி பஜார், தியாகராய சாலை]

2019 நவம்பரில் திறக்கப்பட்ட பாண்டி பஜார் நடைபாதை வளாகத்தில் இந்தத் தொடர்ச்சியை நேரில் பார்க்கலாம். அங்கே வாகனங்களுக்குத் தடை விதிக்கப்பட்டிருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை; பேருந்துகளும் கார்களும் இன்றும் ஓடுகின்றன. கார்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்த இடம் மக்களுக்குத் திருப்பித் தரப்பட்டது, அவ்வளவுதான். தொடக்கத்தில் வணிகம் பாதிக்கப்படும் என்ற அச்சம் கடைக்காரர்களிடம் இருந்தது இயல்பானதே. ஆனால் அந்தக் கடைகளுக்கு வரும் கூட்டத்தில் பெரும்பாலோர் கடைசியில் நடந்துதானே உள்ளே நுழைகிறார்கள்?

2023 மே மாதத்தில் மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர் பேருந்து நிலையத்தையும் இணைத்துத் திறக்கப்பட்ட 570 மீட்டர் நீள ஆகாய நடைபாதையும் பயனுள்ளதே. காரணம், ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் ஏற்கெனவே உயரத்தில் இருப்பவர் அங்கிருந்தே நேராக நடந்து வரலாம். இதைக் காட்டி எல்லாச் சாலைகளிலும் நடைமேம்பாலம் கட்டச் சொல்வது தவறு. தரையில் நிற்பவரை இரண்டு மாடி உயரம் ஏறி இறங்கச் சொன்னால், அவர் சாலையின் குறுக்கேதான் ஓடுவார்.

சாலையைக் கடப்பதற்குத் தேவையான நேரத்தையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 18 மீட்டர் அகலச் சாலையை, வினாடிக்கு 1.2 மீட்டர் நடக்கும் ஒருவர் 15 வினாடியில் கடப்பார். வினாடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் முதியவருக்கு 22 வினாடிக்கு மேல் தேவை. 15 வினாடி தரும் சிக்னலில் அவர் நடுச்சாலையில் சிக்கிக்கொள்வார். நேரத்தைக் கூட்ட வேண்டும்; கூடவே, சாலை நடுவில் சக்கர நாற்காலி நிற்கும் அளவுக்கு ஒரு பாதுகாப்புத் திட்டும் அமைக்க வேண்டும்.

[காட்சி: பேருந்து நிறுத்தம், பேருந்து விளிம்பிலிருந்து தள்ளி நிற்கிறது]

இப்போது பேருந்து நிறுத்தத்துக்கு வருவோம். 2024 ஆகஸ்டு முதல் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் தாழ்தளப் பேருந்துகள் சென்னையில் ஓடத் தொடங்கின. மாற்றுத்திறனாளிகள் நீண்ட காலம் போராடி, நீதிமன்றம் வரை சென்று பெற்ற உரிமை அது. அந்தப் பேருந்தின் தளம் சாலையிலிருந்து ஏறத்தாழ 400 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. பேருந்து 150 மில்லிமீட்டர் உயர நடைபாதையை ஒட்டி நின்றால், இடைவெளி 250 மில்லிமீட்டர்தான். சாய்பலகையை விரித்தால் சக்கர நாற்காலி ஏறிவிடும். நிறுத்தத்தில் ஆட்டோவும் காரும் நின்று, பேருந்து நடுச்சாலையில் நிற்க நேர்ந்தால், அதே பலகை முழு 400 மில்லிமீட்டரையும் இறங்கியாக வேண்டும். அந்தச் செங்குத்தான சரிவில் உதவியின்றி ஏறுவது மிகக் கடினம். ஆகவே, பேருந்துக்காக உள்ளே குடைந்து அமைக்கும் ஒதுக்கிடத்தைவிட, நடைபாதையையே பேருந்துத் தடம் வரை நீட்டிவிடுவது பல இடங்களில் மேலானது. பேருந்து ஒதுங்கி மறுபடியும் தடத்துக்குள் நுழையத் திணற வேண்டாம். பயணி சாலையில் இறங்கி நிற்கவும் வேண்டாம்.

மிதிவண்டியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் 11ஆம் வகுப்பு மாணவ மாணவியருக்குத் தமிழ்நாடு அரசு பல ஆண்டுகளாக விலையில்லா மிதிவண்டி வழங்கி வருகிறது. வண்டியைத் தந்த அரசு, அதை ஓட்டிச் செல்லும் வழியையும் தர வேண்டும். 30 கிலோமீட்டர் வேகத்தில் வாகனங்கள் ஓடும் உட்தெருக்களில் தனித்தடம் தேவையில்லை. 50 கிலோமீட்டர் வேகமுள்ள சாலைகளில் வெறும் வண்ணக் கோடு போதாது, விளிம்புக் கல்லால் பிரிக்கப்பட்ட தடம் வேண்டும்.

சென்னை மாநகராட்சி 2014இல் மோட்டார் அல்லாப் போக்குவரத்துக்கான, அதாவது நடைக்கும் மிதிவண்டிக்குமான கொள்கையை ஏற்றுக்கொண்டது. இந்திய நகரங்களில் இது முன்னோடியானது. போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை நடைக்கும் மிதிவண்டிக்கும் ஒதுக்க வேண்டும் என்றும், பாதசாரிகள், மிதிவண்டி ஓட்டுநர்களின் உயிரிழப்பைப் பூஜ்ஜியமாக்க வேண்டும் என்றும் அதில் எழுதப்பட்டுள்ளது. 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றமும், தடையற்ற நடைபாதையைப் பயன்படுத்துவது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று கூறியது. கொள்கையும் சட்டமும் நம் பக்கம் இருக்கின்றன.

[காட்சி: பகுதி சபைக் கூட்டம் ஒன்றின் பொதுவான காட்சி]

உங்கள் தெருவில் புதிய மழைநீர் வடிகால் கட்டப்போவதாக அறிந்தால், பள்ளம் தோண்டுவதற்கு முன்பே உங்கள் வார்டு மக்கள் கூடிக் குறைகளைப் பேசும் பகுதி சபைக் கூட்டத்தில் வரைபடத்தைக் காட்டும்படி கேளுங்கள். வடிகால் மூடி சாலையிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் உயரத்தில் வருகிறது, வாசல்களின் சாய்தளம் எந்தப் பட்டையில் அமைகிறது, மின்வாரியப் பெட்டிகள் எங்கே நகர்த்தப்படுகின்றன என்ற மூன்று கேள்விகளையும் எழுத்தில் கொடுத்து, பதிலை எழுத்தில் பெறுங்கள். கான்கிரீட் போட்ட பிறகு இவற்றை மாற்றுவதற்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருக்கும்.