கத்திரிக்காயைத் திருப்பிப் பார்க்கலாம், கேமை?

நடுவர் ஐயா, வணக்கம். ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு என்று நம்ம வேலூரைக் கேலி பேசுவார்கள். சாமி 1981லேயே ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். சத்துவாச்சாரியில் என் அக்கா மகன் கேமுக்குக் கட்டிய காசுதான் இன்னும் வரவில்லை.

விளம்பரத்தை நம்பி கேம் வாங்கி ஏமாந்தால் தப்பு யாருடையது என்பதுதான் இன்றைய பட்டிமன்றம், விற்கிற கம்பெனியுடையதுதான் என்பது எங்கள் அணி. எதிரணி ஐயா என்ன சொன்னார்? வாங்குகிறவன்தான் பார்த்து வாங்க வேண்டும், ட்ரெய்லரை நம்பி முன்பதிவு செய்தவன் அப்புறம் புலம்பக் கூடாது என்றார். முன்பதிவு முட்டாள்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன், டவுன்லோடு செய்கிற பொருள் தீர்ந்தா போய்விடும்? ஆனால் பார்த்து வாங்கு என்கிறாரே, எதைப் பார்ப்பது? நேதாஜி மார்க்கெட்டில் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் வாங்கும்போது என் அம்மா முள் குத்தாமல் காம்பைப் பிடித்து ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், ஒரு சின்ன ஓட்டை தெரிந்தாலும் அது கூடைக்கே திரும்பிவிடும், கடைக்காரர் முறைத்தாலும் சரி. கேமைத் திருப்பிப் பார்க்க விடுகிறார்களா?

அந்தப் பையன் கதையைக் கேளுங்கள். போனில் ஒரு விளம்பரம். குறுக்கே செருகியிருக்கும் கம்பியை, அதாவது 'பின்'னை (pin) உருவினால் தண்ணீர் கொட்டி, நெருப்பு அணைந்து, மாட்டிக்கொண்ட ஆள் தப்பிப்பான். இறக்கிப் பார்த்தால் உள்ளே ஒரே கலர் காய்களை மூன்று மூன்றாகச் சேர்க்கிற ஆட்டம். அடுத்த லெவலில் வரும், அதற்கடுத்ததில் வரும் என்று காசு கட்டித் தாண்டிக்கொண்டே போனவன் ஒருநாள் என்னிடம் வந்து, "மாமா, பின் எப்ப வரும்?" என்றான். கம்பெனி பெயர் வேண்டாம், விடுங்கள்.

ஊரறிந்த கதை வேறு இருக்கிறது. ஹோம்ஸ்கேப்ஸ், கார்டன்ஸ்கேப்ஸ் என்ற போன் கேம்களின் இதே மாதிரி விளம்பரங்களை 2020இல் பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு தடை செய்தது. 'எல்லாப் படங்களும் உண்மையான ஆட்டம் அல்ல' என்று அதிலேயே போட்டிருந்தார்கள், அது போதாது என்றே தீர்ப்பு. நம் நாட்டில் 2022இல் வந்த விளம்பர வழிகாட்டுதலும், பொய்யைச் சொல்லிவிட்டுப் பொடி எழுத்தில் திருத்தக் கூடாது என்கிறது. முதல் தப்புக்கே 10 லட்சம் வரை அபராதம் போடலாம்.

கம்ப்யூட்டர் கேம் விற்கிற ஸ்டீம் என்ற இணையக் கடையில் பணம் திரும்பக் கிடைக்குமே என்றார் எதிரணித் தம்பி. கிடைக்கும், 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குள் ஆடியிருந்தால். சோனியின் கேம் மெஷினான பிளேஸ்டேஷனுக்கான இணையக் கடையில் டவுன்லோடு தொடங்கிவிட்டாலே பொதுவாகக் கிடையாது, தம்பி அதைச் சொல்லவில்லை பாருங்கள்.

சரி, விமர்சனம் படித்துவிட்டு வாங்கலாமே என்பீர்கள். 2020 டிசம்பர் 10, சைபர்பங்க் 2077 என்ற கேம் வெளிவந்த நாள். வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குக் கம்ப்யூட்டர் பதிப்பை மட்டும்தான் கொடுத்தார்கள், அதிலும் சொந்தமாகப் பதிவு செய்த காட்சியைக் காட்டக் கூடாது, கம்பெனி தந்ததைத்தான் காட்ட வேண்டும். பாராட்டு குவிந்தது. அதை நம்பி பழைய பிஎஸ்4இல், அதாவது பிளேஸ்டேஷன் 4இல், போட்டவனுக்கு முகம் வரையாத மனிதர்கள் நடந்தார்கள், கேம் அடிக்கடி நின்றது. ஒரே வாரத்தில் சோனியே தன் கடையிலிருந்து எடுத்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. பழைய மெஷின்களில் எப்படி ஓடும் என்று முன்னாடியே காட்டியிருக்க வேண்டும் என்று தயாரித்தவர்களே மன்னிப்பும் கேட்டார்கள்.

முதல் நாள் காலையில் காசு கட்டிய பிஎஸ்4காரன் எந்த விமர்சனத்தைப் படித்திருக்க வேண்டும்? எதிரணி ஐயா எழுந்து அதை மட்டும் சொல்லட்டும், நான் உட்காருகிறேன்.