காரில் படுத்தவரும் கேனுக்குக் காவல் இருந்தவரும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சபையோரே, வணக்கம்.

"நாடு பொருளாதாரத்தில் விழுந்தால் அதிகம் அடிபடுவது நடுத்தர வர்க்கமா, ஏழைகளா?" என்பது தலைப்பு. ஏழைகளே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், 2022இல் நம் இலங்கை பொருளாதாரத்தில் விழுந்தபோது பெற்றோல் வரிசையில் தன் காருக்குள் இரண்டு இரவு படுத்துக் கிடந்த கதையை உருக்கமாகச் சொன்னார். சபை கலங்கியது. நானும் கலங்கினேன். அப்புறம்தான் யோசித்தேன், ஐயா படுத்திருந்தது காருக்குள்ளே! கார் இல்லாதவர்களுக்கும் ஒரு வரிசை இருந்தது. மண்ணெண்ணெய் வரிசை. அதில் சாய்ந்துகொள்ள சீட் கிடையாது. கேன்களை வரிசையாக வைத்து, கயிற்றால் ஒன்றோடொன்று கட்டிவிட்டு, பக்கத்திலேயே குந்தியிருப்பார்கள். கேனை விட்டுப் போனால் இடமும் போகும், சில நேரம் கேனும் போகும்.

அந்த மண்ணெண்ணெய் 2022 ஆகஸ்டில் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. ஏறத்தாழ நான்கு மடங்கு. மண்ணெண்ணெய் யார் வாங்குவது? அடுப்பும் குப்பிவிளக்கும் வைத்திருப்பவர்கள், வெளியிணைப்பு இயந்திரப் படகில் கடலுக்குப் போகிறவர்கள். எதிரணித் தலைவரின் கார் மண்ணெண்ணெயில் ஓடுவதில்லை என்று நம்புகிறேன்.

அதே மாதம் மின்கட்டணமும் ஏறியது. சராசரியாக 75 வீதம் என்றார்கள். சராசரி என்ற சொல் இருக்கிறதே, நடுவர் அவர்களே, அதற்குள் நிறைய ஒளிந்துகொள்ளலாம். மாதம் 30 அலகுக்குள் பாவிக்கிற வீட்டுக்கு உயர்வு 264 வீதம். ஒரு பல்பு, ஒரு தொலைக்காட்சி, ஃபோன் சார்ஜர், இவ்வளவுதான் அந்த வீடு. இத்தனை காலமும் அவர்களுக்கு மானியம் இருந்தது, அதை எடுத்தார்கள் என்பது விளக்கம். சரி, விளக்கம் புரிகிறது. புரிந்தால் விளக்கு எரியுமா?

எதிரணியின் பெரிய வாதம் இதுதான்: "ஏழைக்கு இழக்க என்ன இருக்கிறது? இருப்பவன்தானே இழப்பான்?" இதற்குப் பதில் சொல்ல உங்களை நான் பிறந்த தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு, தொழிலாளரின் வரிசை வீட்டுக்கு, அழைத்துப் போகிறேன்.

கொழுந்து பறிக்கிறவருக்கு 2021இல்தான், எத்தனையோ வருடப் போராட்டத்துக்குப் பிறகு, நாட்கூலி 1000 ரூபா ஆனது. அப்போது டொலர் 200 ரூபா மட்டில். அதாவது கூலி 5 டொலர். 2022 மார்ச்சில், டொலருக்கு இவ்வளவு என்று கட்டிவைத்திருந்த ரூபாவை அவிழ்த்துவிட்டார்கள். மே மாதத்தில் டொலர் 360ஐத் தொட்டது. கூலி அதே 1000தான், ஆனால் 3 டொலர்கூட இல்லை. அந்த மார்ச்சில் 400 கிராம் பால்மா பக்கெட் 790 ரூபா. நாள் முழுக்க மலையில் ஏறி இறங்கிய கூலியில் ஒரு பால்மா பக்கெட் வாங்கினால் மிச்சம் 210 ரூபா.

அதனால் பக்கெட் வாங்குவதையே விட்டார்கள். எங்கள் லயத்துக்குக் கீழே இருந்த கடையில் பக்கெட்டை உடைத்து, 50 கிராம் 50 கிராமாக மெல்லிய பொலித்தீன் பைகளில் முடிந்து, நூலில் மாலை மாதிரித் தொங்கவிட்டிருந்தார்கள். கணக்குப் பார்த்தால் அந்த முடிச்சில் வாங்குகிற பால்மாதான் விலை கூடியது. முழுப் பக்கெட் வாங்கக் காசுள்ளவருக்கு மலிவு, இல்லாதவருக்கு அதிக விலை. கடைக்காரரையும் குறை சொல்ல மாட்டேன், அவருடைய கடன் கொப்பி அந்த வருடம் இரண்டாவது கொப்பிக்குப் போய்விட்டது. என் பெரியம்மா ஒரு முடிச்சு வாங்கி வந்து பேரப்பிள்ளைக்கு மட்டும் கரைப்பார். மற்றவர்களுக்குப் பாலில்லாத வெறும் தேயிலைச் சாயம். ரொட்டிக்கு மா பிசையும்போது தேங்காய்ப்பூ போடுவதை நிறுத்தினார். பிறகு உருண்டை சின்னதானது. பிறகு தனக்கு ஒன்று குறைத்துக்கொண்டார். "எனக்குப் பசியில்ல" என்பார். ஏழைக்கு இழக்க என்ன இருக்கிறது என்று கேட்டீர்களே ஐயா, அந்த ரொட்டி இருந்தது.

இன்னொன்றைக் கேளுங்கள். 2021இல் இரசாயன உரத்தைத் திடீரென்று தடை செய்தார்கள். நவம்பரில் தடையை எடுத்தாலும் உரத்தின் விலை கைக்கு எட்டவில்லை. செடியில் கொழுந்து குறைந்தது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி அடுத்த வருடம் 25 கோடி கிலோவாக இறங்கியது. தோட்டத்தில் ஒரு கணக்கு உண்டு. சொன்ன கிலோவைப் பறித்தால்தான் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம். உரத்தைத் தடை செய்தது கொழும்பு, கொழுந்தை விடாதது செடி, அரைப் பேர் விழுந்தது பெரியம்மாவுக்கு.

ஆனால் கொழும்பு ஏலத்தில் அதே தேயிலையின் சராசரி விலை ரூபாக் கணக்கில் அந்த ஒரு வருடத்தில் இரட்டிப்பானது. டொலருக்கு விற்கிற பொருள் அல்லவா, ரூபா விழ விழ விலை ஏறும். உற்பத்திச் செலவும் ஏறியது, மறுக்கவில்லை. ஆனால் 1000 ரூபாக் கூலி 1350 ஆவதற்கு 2024 செப்டெம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 வீதம், உணவுப் பணவீக்கம் 95 வீதம் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இனி பணம் உள்ளவர் பக்கம். 2022 கடைசியில் திறைசேரி உண்டியலுக்கு, அதாவது அரசாங்கம் குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கும் பத்திரத்துக்கு, வட்டி 30 வீதத்தைத் தாண்டியது. கையில் உபரிப் பணம் இருந்தவர் அரசாங்கத்துக்கே கடன் கொடுத்து அந்த வட்டியை வாங்கினார். நெருக்கடி அவருக்கு விலைவாசியையும் கொடுத்தது, வட்டியையும் கொடுத்தது. பெரியம்மாவுக்கு முதலாவது மட்டும். அவர் வங்கிக்குப் போனதும் உண்மைதான், காதுத்தோட்டை அடகு வைக்க.

2023இல் அரசாங்கம் தன் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது என்ன நடந்தது? வங்கிகளிடம் இருந்த திறைசேரி முறிகளில், அதாவது அரசின் நீண்ட காலக் கடன் பத்திரங்களில், கை வைக்கவில்லை. தொழிலாளரின் ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியின் முறிகளை மாற்றினார்கள், 2025 வரை 12 வீதம், பிறகு 9 வீதம் வட்டிக்கு. வங்கி விழுந்தால் எல்லாமே விழும் என்றார்கள், அதில் நியாயம் இருக்கலாம். ஆனால் அந்த நிதியில் யாருடைய காசு கிடக்கிறது? ஆடைத் தொழிற்சாலைப் பிள்ளைகளுடையதும் கொழுந்து பறித்தவர்களுடையதும்கூட.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தங்கை படித்துவிட்டு வந்திருந்தார், பாராட்ட வேண்டும். 1998இல் இந்தோனேசியா விழுந்தபோது அங்கே சமத்துவமின்மையை அளக்கிற கினி குறியீடு கூடவில்லை, குறைந்தது என்றார். உண்மைதான். 1996இல் 0.36 மட்டில் இருந்தது 1999இல் 0.31 ஆனது. ஆனால் தங்கச்சி, அதே காலத்தில் அங்கே வறியவர்கள் 17 வீதத்திலிருந்து 24 வீதமானார்கள். மாடியில் இருந்தவர் ஒரு மாடி இறங்கினார், தரையில் இருந்தவர் கிணற்றுக்குள் போனார். இடைவெளியை அளந்து பார்த்துவிட்டு, பரவாயில்லை, கிட்டத்தான் இருக்கிறார்கள் என்று சொல்லலாமா?

நம் நாட்டுக்கும் உலக வங்கியின் கணக்கு இருக்கிறது. 2021இல் 13 வீதமாக இருந்த வறுமை 2022இல் 25 வீதம். நகரத்தில் 5 வீதம் 15 ஆனது. மூன்று மடங்கு. இந்த இடத்தில் எதிரணிக்கு நான் தலை வணங்குகிறேன், நேற்றுவரை நடுத்தரமாக இருந்த எத்தனையோ குடும்பங்கள் அதில் இருக்கின்றன. ஆனால் அவர்கள் விழுந்தது எங்கே? ஏழைகள் ஏற்கெனவே நின்ற இடத்தில். தோட்டப்புறத்தில் பாதிப் பேர் வறுமைக்கோட்டுக்குக் கீழே என்கிறது அதே கணக்கு.

தப்பிப் போன விதத்தையும் பாருங்கள். நடுத்தர வர்க்கம் பத்தரமுல்லையில் பாஸ்போட் வரிசையில் நின்றது. கஷ்டமான வரிசைதான். ஆனால் 2022 மார்ச் 22ஆம் திகதி வடக்கிலிருந்து 16 பேர் படகில் தனுஷ்கோடிப் பக்கம் போய் இறங்கினார்கள், குழந்தைகளோடு. பாஸ்போட் வரிசைக்குப் போகவும் பஸ் காசு வேண்டும்.

மணி ஒருமுறை அடித்துவிட்டது, தெரிகிறது. ஒரு நிமிடம் தாருங்கள், நடுவர் அவர்களே.

எதிரணித் தலைவர், தன் மகனின் வெளிநாட்டுப் படிப்பு ஒரு வருடம் தள்ளிப்போனது என்றார். வருத்தமான விஷயம். மகன் இப்போது போய்ச் சேர்ந்துவிட்டார் என்றும் அவரே சொன்னார். எங்கள் லயத்தில் ஒரு பிள்ளை அந்த வருடம் பத்தாம் வகுப்பு. கொப்பி விலை மூன்று மடங்கு, பஸ் கட்டணம் வேறு, வீட்டில் அரைப் பேர். சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பே நின்றுவிட்டாள். பிறகு பணவீக்கம் இறங்கியது, 2024 செப்டெம்பரில் பூச்சியத்துக்கும் கீழே போனது. பெற்றோல் வரிசை மறைந்தது, ஐயாவின் கார் ஓடுகிறது. அவள் கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள், காலை ஒன்பதிலிருந்து இரவு எட்டு வரை. உட்கார ஸ்டூல் கிடையாதாம். தீபாவளிக்கு இரண்டு நாள் லீவு கிடைத்தால் வருவாள். போன வருடம் கிடைக்கவில்லை.

நன்றி, வணக்கம்.