வகுப்பறைக்குள் எந்தச் செயலியை விடலாம்?

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். நான் சேலத்தில் பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், கணக்குப் பாடம். சீக்கிரமே ஒரு வகுப்பு என் கைக்கு வரப்போகிறது என்பதால் இப்போதெல்லாம் போனில் எதைப் பார்த்தாலும், இதை வைத்துப் பாடம் நடத்த முடியுமா என்றுதான் மனசு ஓடுகிறது. செயலிகள், இணையதளங்கள், ஸ்மார்ட் போர்டு என்று எங்கள் முன்னால் வந்து குவிகிற டிஜிட்டல் கருவிகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எல்லாவற்றின் பெயரையும் அடுக்கினால் யாருக்கும் பயன் இல்லை. ஒன்றை எடுப்பதா விடுவதா என்று நான் எப்படிப் பார்க்கிறேன், அதை மட்டும் சொல்கிறேன்.

நான் கேட்பது ஒரே கேள்விதான்: இதைக் கொண்டுவந்தால் வகுப்பில் பிள்ளை என்ன செய்யும்? சும்மா பார்த்துக்கொண்டு இருக்குமா, தானே எதையாவது செய்து பார்க்குமா? வீடியோ போட்டால் வகுப்பு அமைதியாகிவிடும், உண்மைதான். கல்வித் தொலைக்காட்சியிலும் தமிழக அரசின் மணற்கேணி செயலியிலும் நல்ல காணொளிகள் இருக்கின்றன, நானே அவற்றைப் பார்த்துப் பாடக்குறிப்பு எழுதியிருக்கிறேன். ஆனால் வகுப்பு அமைதியாக இருக்கும்போது யாருக்குப் புரிந்தது, யார் பாதியிலேயே விட்டுவிட்டார்கள் என்று ஆசிரியருக்குத் தெரியாது. எனக்கு அது தெரிந்தாக வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பில் வட்டத்தைப் பற்றி ஒரு தேற்றம் வரும். ஒரு வில், அதாவது வட்டக் கோட்டின் ஒரு துண்டு, மையத்தில் தாங்கும் கோணம், அதே வில் வட்டத்தின் மீதிப் பகுதியில் தாங்கும் கோணத்தைப் போல இரு மடங்கு. பெரும்பாலான பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்து, படம் போட்டு, மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். இதற்கு ஜியோஜீப்ரா என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, ஆஸ்திரியாவைச் சேர்ந்த மார்கஸ் ஹோஹன்வார்ட்டர் 2001-ல் தொடங்கி வைத்தது. நம் கணக்குப் பாடநூலிலேயே பாட முடிவில் ‘இணையச் செயல்பாடு’ என்று ஒரு பகுதி வருமே, அதில் பெரும்பாலும் இதுதான். அதில் ஒரு வட்டம் வரைந்து, மையக் கோணத்தை 100 டிகிரி என்று வைத்துவிட்டு, பரிதியில் இருக்கிற புள்ளியைப் பிள்ளையின் விரலால் இழுக்கச் சொல்லுங்கள். இடப்பக்கம் இழுத்தாலும் வலப்பக்கம் இழுத்தாலும் அந்தக் கோணம் 50-லேயே நிற்கும். இன்னும் இழுத்து, அந்தச் சின்ன வில்லுக்குள்ளேயே புள்ளியைக் கொண்டுபோனால் 50 சட்டென்று 130 ஆகிவிடும். ஏன் என்று கேட்காத பிள்ளை இருக்காது. அந்த ‘ஏன்’ நேராக அடுத்த தேற்றத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது, ஏனென்றால் 50-ம் 130-ம் சேர்ந்தால் 180, நான்கு முனையும் வட்டத்தின் மேலேயே இருக்கிற வட்ட நாற்கரத்தின் எதிர்க்கோணங்கள். பலகையில் நான் பத்துப் படம் போட்டாலும் அந்த மாற்றம் நடக்கிற நொடியைக் காட்ட முடியாது. இந்த மாதிரி இடத்தில் கருவி வேண்டும் என்று அடித்துச் சொல்வேன். வெறும் வாய்ப்பாட்டைத் திரையில் பெரிய எழுத்தில் காட்டுவதற்குக் கரும்பலகையே போதும்.

அப்புறம் மேட்டூர் அணை. அணையின் நீர்மட்டத்தை வானொலியிலும் செய்தித்தாளிலும் பார்க்காத வீடு நம் பக்கம் ஏது? 1934-ல் கட்டி முடித்த அணை, முழுக் கொள்ளளவுக்கு 120 அடி, குறுவைக்காக ஜூன் 12-ல் திறப்பது வழக்கம், எல்லாம் பிள்ளைகளுக்கே தெரியும். புள்ளியியல் பாடத்துக்கு இதைவிட நல்ல தரவு எங்கே கிடைக்கும் சொல்லுங்கள்! தினமும் ஒரு பிள்ளை அன்றைய அளவைக் குறித்து வர, பள்ளியின் ஹைடெக் லேபில் இருக்கிற கணினியில் ஒரு விரிதாளில், அதாவது ஸ்ப்ரெட்ஷீட்டில், சேர்த்துக்கொண்டே போனால் ஒரு மாதத்தில் வரைபடம் தயார். இதில் நான் ஆசைப்படுவது அதற்கு அடுத்த வேலை. நீர்மட்டம் 110 அடியிலிருந்து 104 அடிக்கு இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். செங்குத்து அச்சைப் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கினால் கோடு கிட்டத்தட்ட படுத்தே கிடக்கும், ஒன்றும் ஆகாத மாதிரி. அதே எண்களுக்கு அச்சை 100-லிருந்து தொடங்கினால் அணையே வற்றிப்போகிற மாதிரி கோடு சரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தப் படம் பொய் சொல்கிறது என்று வகுப்பைச் சண்டை போட விடுங்கள். நாளைக்குத் தேர்தல் சமயத்திலோ விளம்பரத்திலோ ஒரு வரைபடத்தைப் பார்த்தால் முதலில் அச்சைப் பார்க்கிற பிள்ளையாக அவர்கள் வளர வேண்டும் என்பது என் பெரிய ஆசை.

இதெல்லாம் சரி, எல்லாப் பிள்ளைக்கும் போன் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்குப் போகிற அப்பா, தறிக்குப் போகிற அம்மா என்றால் வீட்டிலிருக்கிற ஒரு போனும் அவர்களோடு போய்விடும், ராத்திரிதான் வீடு திரும்பும். அந்த நேரத்தில் பிள்ளையைப் போனில் வீட்டுப்பாடம் செய்யச் சொல்வதை என்னால் ஏற்க முடியாது. போன் ஆசிரியரிடம் ஒன்று இருந்தால் போதும் என்கிற மாதிரி கருவிகள் இருக்கின்றன, அவற்றைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

பிளிக்கர்ஸ் என்ற செயலி அப்படிப்பட்டது. பிள்ளைகள் கையில் இருப்பது வெறும் காகித அட்டை. ஒவ்வொரு அட்டையிலும் கறுப்பு வெள்ளையில் ஒரு சதுர வடிவம், நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்தில் இருக்கும். கேள்வி கேட்டதும் தன் விடை எதுவோ அந்தப் பக்கம் மேலே வருகிற மாதிரி பிள்ளை அட்டையைத் திருப்பிப் பிடிக்கும். ஆசிரியர் தன் போன் கேமராவை வகுப்பின் குறுக்கே ஒரு வீச்சு காட்டினால் யார் என்ன சொன்னார்கள் என்பது திரையில் வந்துவிடும். ஒருவருடைய அட்டை மாதிரி இன்னொருவருடையது இருக்காது, அதனால் பக்கத்தில் எட்டிப் பார்த்துத் திருப்பவும் வழியில்லை. கையைத் தூக்கிப் பதில் சொல்கிற நான்கைந்து பேரை வைத்தே வகுப்பை ஓட்டிவிடுகிற பழக்கம் நமக்கு உண்டு. கடைசி பெஞ்சில் வாயே திறக்காத பெண்ணும் இங்கே பதில் சொல்லித்தான் ஆக வேண்டும், அது தப்பாக இருந்தாலும் நாலு பேர் சிரிக்க மாட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த கருவி இதுதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். இந்த மாதிரி செயலிகளில் பிள்ளையின் முழுப்பெயர், போட்டோ, பெற்றோர் எண் எதுவும் போட வேண்டாம், வரிசை எண் போதும். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. வகுப்பில் எடுத்த போட்டோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பதும் எனக்குச் சம்மதமில்லை. நம்மை நம்பி அனுப்பிய பிள்ளைகள் அவர்கள்.

ஏற்காடு பக்கம் கற்பித்தல் பயிற்சிக்குப் போகிற தோழர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். டவுனில் நெட் கிடைக்கும், சேர்வராயன் மலையின் உள்கிராமங்களில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற பள்ளிகளில் அதை நம்பிப் பாடம் தயாரிக்காதீர்கள். நெட் வந்தால் பார்க்கலாம் என்று மலைப் பிள்ளைகளைக் காத்திருக்க வைப்பது அநியாயம். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-ல் தொடங்கிய ஃபெட் என்ற தளத்தில் அறிவியல், கணக்கு இரண்டுக்குமே செய்து பார்க்கிற பாடங்கள் இருக்கின்றன, சிலவற்றைத் தமிழிலேயே திறக்கலாம். பலவற்றை ஒற்றைக் கோப்பாக இறக்கிக்கொண்டால் நெட் இல்லாமலே பிரவுசரில் ஓடும். மின்சுற்றுப் பாடத்தில் பல்பே வைக்காமல் மின்கலத்தின் இரண்டு முனையையும் கம்பியால் சேர்த்துவிட்டால் திரையில் தீ எரியும். பிள்ளைகள் அதை வேண்டுமென்றே திரும்பத் திரும்பச் செய்வார்கள், செய்யட்டும், வீட்டில் ஃபியூஸ் ஏன் போகிறது என்ற பேச்சை அங்கிருந்தே தொடங்கலாம். அதற்கப்புறம் நிஜமான பேட்டரியும் டார்ச் பல்பும் கையில் கொடுத்து எரிய வைக்கச் சொல்லுங்கள், அதை விட்டுவிடாதீர்கள்.

ஆகவே, இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்கு முன்னால், சேலத்தில் இருக்கும்போதே தேவையான கோப்புகளை எல்லாம் இறக்கி, விமானப் பயன்முறையில் போட்டு ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். பாடக்குறிப்பில் துணைக்கருவி என்ற இடத்தில் செயலியின் பெயருக்குக் கீழேயே, கரண்ட் போனால் என்ன செய்வேன் என்று ஒரு வரி எழுதிவையுங்கள். ஜியோஜீப்ரா வட்டத்துக்கு நான் எழுதி வைத்திருப்பது: ஆளுக்கு ஒரு வளையல், ஒரு கோணமானி, ஒரு வெள்ளைத்தாள்.

நன்றி, வணக்கம்.