ஷாத்தோ கையார்: மதில் தாங்கியது, பாலம் காட்டிக்கொடுத்தது

[காட்சி: வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைக் குன்று, கீழே வளைந்தோடும் சென் நதி]

இது பிரான்ஸின் நார்மண்டி. அப்போது இந்தப் பகுதி இங்கிலாந்து மன்னர்களின் கையில் இருந்தது, பாரிஸ் பிரெஞ்சு மன்னரிடம். பாரிஸிலிருந்து ரூவான் நகரத்துக்குப் படகில் போனால் இந்தக் குன்றைத் தாண்டித்தான் போகவேண்டும். அதனால்தான் பிரெஞ்சுப் படையைத் தடுக்க இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்ட் இங்கே ஷாத்தோ கையார் என்ற இந்தக் கோட்டையைக் கட்டினார். 1196-இல் ஆரம்பித்து 1198-க்குள் முடித்துவிட்டார்கள். இவ்வளவு பெரிய வேலைக்கு இரண்டே வருஷம்!

[காட்சி: பக்கத்து மேட்டிலிருந்து கோட்டையை நோக்கி நடை]

சுற்றிலும் சரிவு. இந்த ஒரு பக்கம் மட்டும் மேட்டோடு ஒட்டியிருக்கிறது. எதிரி இப்படித்தான் வருவான் என்று ரிச்சர்டுக்குத் தெரியும். அதனால் முன்னால் முக்கோண வடிவில் தனிக்கோட்டை. அதைப் பிடித்தாலும் அகழி, அப்புறம் நடு மதில், அப்புறம் இன்னொரு அகழி, உள் மதில்.

[காட்சி: உள் மதில் மிக அருகில்]

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. பலாச்சுளைகளை நெருக்கி அடுக்கியதுபோல வளைவு வளைவாக இருக்கிறது, பாருங்கள். நேர்ச்சுவரின் அடியில் ஒருவன் ஒண்டிக்கொண்டால் மேலிருந்து அடிப்பது கஷ்டம். இங்கே ஒண்ட இடமில்லை. எறிகல் பட்டாலும் வழுக்கிப்போகும்.

[காட்சி: குன்றடிப் பள்ளம்]

1199-இல் ரிச்சர்ட் இறந்தார். தம்பி ஜான் மன்னரானார். 1203-இல் பிரெஞ்சு மன்னர் இரண்டாம் பிலிப் முற்றுகையிட்டார். கீழேயிருந்த ஊர்மக்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கோட்டைக்குள் ஓடிவந்தார்கள். தானியம் குறையவே, தளபதி ரோஜர் டி லேசி அவர்களை வெளியே அனுப்பினார். முதலில் போனவர்களைப் பிரெஞ்சுக்காரர்கள் வழிவிட்டு அனுப்பினார்கள். அடுத்து வந்தவர்களை மறித்தார்கள். திரும்பினால் கோட்டைக் கதவும் திறக்கவில்லை. குளிர்காலத்தில், இரண்டு படைகளுக்கும் நடுவில், இந்தப் பள்ளத்தில் பலர் பட்டினியால் செத்தார்கள். மிச்சமிருந்தவர்களைப் பிலிப் கடைசியில்தான் போகவிட்டார். கோட்டையின் அழகைப் பேசும்போது இவர்களை விட்டுவிட்டுப் பேச எனக்கு மனம் வரவில்லை.

[காட்சி: நடு மதில்]

முன்கோட்டையைச் சுரங்கம் தோண்டிச் சரித்தார்கள். நடு மதிலை ஒட்டி ஜான் சிற்றாலயம் ஒன்று கட்டியிருந்தார். பிலிப்பின் வீரர்கள் அங்கே கழிவறைத் துவாரம் வழியாக ஏறினார்கள் என்று காலங்காலமாகச் சொல்வார்கள். பிலிப்போடு வந்த பாதிரியார் வில்லியம் எழுதியிருப்பதோ சிற்றாலயத்தின் ஜன்னலைப் பற்றி. ஒருவன் ஏறி உள்ளே குதித்தான், மற்றவர்களைக் கயிறு போட்டு இழுத்துக்கொண்டான்.

[காட்சி: உள் அகழி, கேமரா பாலத்தின் அடியிலிருந்து மேல்நோக்கி]

சரி, அந்த வளைவு மதில்? அதன் வாசலுக்கு அகழியைக் கடந்து போகும் பாலம் இது. அகழி வெட்டும்போது பாறையை அப்படியே விட்டுச் செதுக்கியது. மரப்பாலம் என்றால் தூக்கிவிடலாம், கொளுத்திவிடலாம். பாறையை என்ன செய்வது? சுரங்கம் தோண்டியவர்கள் இதற்கு அடியில் நின்றுதான் மதிலைக் குடைந்தார்கள். மேலிருந்து விட்ட அம்பும் கல்லும் இந்தப் பாறையில்தான் விழுந்தன. குடைந்த மதிலைக் கல்லெறி பொறி உடைத்தது.

1204 மார்ச் 6-இல் கோட்டை பிலிப் கைக்குப் போனது. அதே ஆண்டு ஜூனில் ரூவானும்.