கடைக் கதவில் தொங்கிய அட்டை

பெரியோர்களே, நண்பர்களே,

2020 ஏப்ரல் முதல் வாரத்தில், கொரோனா ஊரடங்கின்போது, குன்னூர் மார்க்கெட்டுக்குப் போகும் வழியில், வர்க்கி என்னும் நம்மூர் மொறுமொறு பிஸ்கட் வந்த அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தைக் கிழித்து எழுதி ஒரு மளிகைக்கடைக் கதவில் தொங்கவிட்டிருந்த அறிவிப்பைக் கைபேசியில் படமெடுத்தேன். ‘காலை 6 முதல் 2.30 வரை’ என்று எழுதி, பிறகு 2.30-ஐ அடித்துவிட்டு, வேறு மையில் 1 என்று திருத்தியிருந்தார்கள். அத்தியாவசியக் கடைகளின் நேரத்தை ஏப்ரல் 5 முதல் பகல் 1 மணியோடு அரசு குறைத்த செய்தி அன்றைய நாளிதழ்களில் இருக்கிறது. அடுத்த வாரமும் மாறக்கூடும் என்று எண்ணியோ என்னவோ, புது அட்டை தேடாமல் பழையதிலேயே திருத்திய அந்தக் கை எந்த நாளிதழிலும் இல்லை.

‘விழித்திரு, விலகியிரு, வீட்டிலிரு’ என்ற அரசு வாசகம் மாநிலமெங்கும் ஒன்றே; அதன் பிரதி எங்காவது கிடைத்துவிடும். கையால் எழுதியதற்கோ பிரதியே கிடையாது. நம் நீலகிரி மலையில் அதன் ஆயுளும் குறைவு: கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழையும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையும் பசையை இளக்கிவிடும், மழையில்லாத நாளிலும் மூடுபனி மையைக் கரைக்கும்.

படமெடுக்கக் கிளம்பிய பலர் ‘கொரோனா’ என்ற சொல் உள்ள பலகைகளையே தேடினார்கள். நானும் முதலில் அப்படித்தான் தேடினேன். முகக்கவசம் அணியாதவருக்கு 200 ரூபாய், பொது இடத்தில் துப்பியவருக்கு 500 ரூபாய் என 2020 செப்டம்பரில் வந்த அபராத அறிவிப்புகளை நிறைய எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் இன்று என்னை நெடுநேரம் நிறுத்திவைக்கும் படம், டாக்சி ஸ்டாண்டில் நின்ற ஒரு காரின் பின்கண்ணாடியில் ‘விற்பனைக்கு’ என்று ஒட்டியிருந்த தாள். மலை ரயில் மார்ச்சில் நின்று டிசம்பர் கடைசியில்தான் மறுபடி ஓடியது. ஊட்டி மலர்க்கண்காட்சி 2020-இலும் 2021-இலும் நடக்கவில்லை. இரண்டு சீசன்களை இழந்த ஊரின் கணக்கு நோயைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத அந்தத் தாளில் இருக்கிறது.

எழுத்தாக வராததையும் நாம் குறித்துவைக்க வேண்டும். பலகைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும், எல்லையோரத்தில் மலையாளத்திலும் கன்னடத்திலும் இருந்தன. இம்மலை மக்கள் பேசும் படுகு, தோதர், கோத்தர் மொழிகளில் செய்தி பேச்சாகவே ஊர் ஊராகச் சென்றது. அதற்குப் படம் இல்லை. கேட்டவர்களிடம் இப்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

எடுக்கக்கூடாத படமும் உண்டு. தொற்று கண்டவர்களின் வாசலில் ‘தனிமைப்படுத்தப்பட்ட வீடு, உள்ளே நுழையாதே’ என்ற தாள் ஒட்டப்பட்டது. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் உரிய அதிகாரி உத்தரவிட்டாலன்றி அவ்வாறு ஒட்டக்கூடாது என்று 2020 டிசம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதற்கு முன்பே நான் எடுத்த ஒரு படத்தில் கதவிலக்கமும், உலர்த்தியிருந்த குழந்தைத் துணிகளும் தெரிகின்றன. அதை யாருக்கும் காட்டியதில்லை. அந்த வீட்டாரின் சம்மதம் இல்லாமல் காட்டவும் மாட்டேன்.

என் படங்களில் உள்ள பெருங்குறை, எழுத்து தெளிவாக விழ வேண்டும் என்று மிக அருகில் நின்று எடுத்தது. நாலடி பின்னால் நின்றிருந்தால் கதவும், படியும், தரையில் சுண்ணாம்பால் போட்ட வட்டங்களும், அவற்றில் நின்றவர்களும் விழுந்திருப்பார்கள். ஏறத்தாழ நாற்பது படங்கள் எந்தத் தெருவில் எடுத்தவை என்று எனக்கே இன்று தெரியவில்லை.

ஆகையால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். மேசை இழுப்பறையில் கிடக்கும் பழைய கைபேசிகளை வரும் ஞாயிற்றுக்கிழமை இங்கே எடுத்து வாருங்கள். ஒவ்வொரு படத்துக்கும் இடம், தேதி, பலகையில் உள்ள வாசகம் மூன்றையும் எழுத்துப்பிழை உட்பட அப்படியே பதிவுசெய்வோம். அந்த வர்க்கி அட்டை எந்தக் கடையுடையது என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால், அதையும் சொல்லுங்கள்.